மருமக்கள்வழி மான்மியம்: அங்கதமும் இலக்கிய அளவுகோலும்

நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம், கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876-1954) இயற்றிய அங்கதக் கவிதை நூல். 1917-18இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வெளிவந்தது (அயோத்திதாசப் பண்டிதர் நடத்திய ‘தமிழன்’ வேறு இதழ்). 1942இல் நூலாகியது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள்வழிச் சொத்துரிமை, மனைவியையும் பிள்ளைகளையும் எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை ஒரு பெண்ணின் வாய்மொழியாகச் சொல்கிறது. கவிமணியின் நூல்களில் ‘சமூகச் சீர்திருத்த நூல்’ என்ற பெயர் பெற்றது இது. அந்தப் பெயரே இதைக் கவிதையாகப் படிப்பதற்குத் தடையாகவும் இருந்துவருகிறது.

பின்னணி

நாஞ்சில் நாடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நெல்வயல் பகுதி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது. இங்கு வாழ்ந்த வேளாளரில் ஒரு பிரிவினர் மருமக்கள்வழியினர். ஒருவர் இறந்தால் அவர் பொறுப்பில் இருந்த குடும்பச் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்கு, அதாவது மருமக்களுக்குப் போகும். குடும்பத்தின் மூத்த ஆண் காரணவன். அவன் சொத்தை ஆள்பவன், ஆனால் தன் பிள்ளைக்கு எழுதிவைக்கும் உரிமை இல்லாதவன். பிள்ளைகளுக்கு ‘உகந்துடைமை’ என்ற பெயரில் ஒரு பங்கு வழங்கும் வழக்கம் இருந்தது. அது கைக்கு வருமா வராதா என்பதிலேயே வழக்குகள் நடந்தன.

மான்மியத்தில் பேசுபவள் இப்படிப்பட்ட ஒரு காரணவனின் ஐந்தாவது மனைவி. கல்யாணமாகி வந்தது முதல் மாமியின் ஆட்சி, சக்களத்திகளின் சச்சரவு, மருமகனின் உரிமைப் பேச்சு, நீதிமன்ற வழக்கு, கடைசியில் கையில் பிள்ளைகளோடு நிராதரவாக நிற்பது வரை அவளே சொல்லிக்கொண்டு போகிறாள். அகவல் நடை. நாஞ்சில் நாட்டுப் பேச்சும் பழமொழியும் கலந்து ஓடுவதால் அகவல் என்பதே பல இடங்களில் மறந்துபோகும்.

படலப் பெயர்கள்

நூலின் அங்கதம் கதையில் தொடங்கவில்லை, பெயரில் தொடங்குகிறது. மான்மியம் என்றால் மகாத்மியம், பெருமை கூறுவது. தலங்களுக்கும் தீர்த்தங்களுக்கும் மான்மியம் பாடுவது வழக்கம். அதை ஒரு சொத்துரிமை முறைக்குப் பாடுகிறார் கவிமணி. உள்ளே போனால் பகுதிகள் எல்லாம் படலங்கள்: குலமுறை கிளத்து படலம், மாமி அரசியற் படலம், நாகாஸ்திரப் படலம், கருடாஸ்திரப் படலம், யாத்திரைப் படலம் என்று போகிறது. கம்பராமாயணத்தின் பொருளடக்கத்தை ஒருமுறை புரட்டியவர்களுக்கு இந்தப் பெயர்கள் உடனே சிரிப்பை வரவழைக்கும்.

அரசியற் படலம் கம்பரில் தசரதனின் செங்கோலைப் பாடுவது. இங்கே செங்கோல் மாமியின் கையில். நாகபாசத்தில் இலக்குவன் கட்டுண்டு கிடப்பதும் கருடன் வந்ததும் கட்டு அறுவதும் யுத்த காண்டத்தில் வரும் பெரிய நிகழ்ச்சிகள். இங்கே அதே ஆயுதங்கள் ஒரு வீட்டுச் சண்டைக்கு வந்து சேருகின்றன. கடலாடு படலம் என்ற தலைப்பு சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையை நினைவூட்டுகிறது. பரிகலம், பெரியோர் உண்ட மிச்சத்தோடு சேர்ந்து சைவ மரபில் புனிதமாக வழங்கும் சொல். அது அடுக்களைக்கு வந்துவிடுகிறது.

இவற்றில் நுட்பமானது குலமுறை கிளத்து படலம். கம்பரில் விசுவாமித்திரர் சனகனின் அவையில் இராமனின் குலத்தைச் சொல்லும் இடம் அது. சூரிய குலத்து மன்னர்கள் தகப்பன், மகன், பேரன் என்று வரிசையாக வருகிறார்கள். அந்தத் தலைப்பைக் குலம் தாய்வழியில் எண்ணப்படும் வீட்டுக்கு வைக்கும்போது தலைப்புக்கும் பொருளுக்கும் இடையே ஒரு மோதல் உண்டாகிறது. தகப்பன் சொத்து மகனுக்கு வருமா என்பதே நடுக்கேள்வியான காவியத்தின் தலைப்பு, அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாத பிள்ளைகளின் கதைக்கு வந்து அமர்கிறது. இதை விளக்க கவிமணி ஒரு வரியும் செலவிடவில்லை. கம்பரைப் படித்தவருக்குப் புரியும், படிக்காதவருக்குக் கதை மட்டும் போதும் என்று விட்டுவிடுகிறார்.

கோடேறிக் குடிமுடித்த படலம் இன்னொரு வகை. ‘கோடு’ நாஞ்சில் நாட்டுப் பேச்சில் கோர்ட்டு. செந்தமிழில் மலைச்சிகரம். மலையேறுவது போன்ற பெருமையான ஒலியோடு தொடங்கும் தலைப்பு, வழக்காடிக் குடியைக் கெடுத்தது என்ற பொருளில் போய் முடிகிறது.

போப்பின் கூந்தல் காவியம்

பெரிய காவியத்தின் உடையைச் சிறிய செய்திக்கு மாட்டிச் சிரிக்கவைப்பதைக் கேலிக் காவியம் எனலாம். ஆங்கிலத்தில் இதன் சிறந்த எடுத்துக்காட்டு அலெக்சாண்டர் போப் (1688-1744) எழுதிய ‘தி ரேப் ஆஃப் தி லாக்’. பீட்டர் பிரபு என்ற இளைஞர் அராபெல்லா ஃபெர்மர் என்ற பெண்ணின் கூந்தலில் ஒரு சுருளைக் கத்தரித்துவிட, இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. இருவரையும் சிரிக்கவைத்துச் சமாதானம் செய்யும்படி நண்பர் ஜான் கேரில் போப்பிடம் கேட்டார். 1712இல் இரண்டு காண்டங்களாக வந்த கவிதை 1714இல் ஐந்து காண்டங்களாக வளர்ந்தது. ஹோமரின் தேவர்களுக்குப் பதிலாகச் சில்ஃப் என்னும் காற்றுத் தேவதைகள் பெண்ணின் பாவாடைக்குக் காவல் நிற்கின்றன. ஓம்பர் என்ற சீட்டாட்டம் போர்க்களமாகிறது. காப்பி குடிப்பது ஒரு வேள்விச் சடங்கின் கம்பீரத்தோடு நடக்கிறது. வெட்டிய கூந்தல் கடைசியில் விண்மீனாகிறது.

கவிமணி ஆங்கிலம் நன்கு அறிந்தவர். எட்வின் ஆர்னால்டின் நூலை ‘ஆசிய ஜோதி’யாகவும், ஃபிட்ஸ்ஜெரால்டின் வழியாக உமர் கய்யாமையும் தமிழாக்கியவர். ஆனாலும் மான்மியத்துக்குப் போப்பை மூலமாகத் தேட வேண்டிய அவசியம் இல்லை. புராண வடிவம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் கிடந்தது. இறைவன் எழுதும் திருமுகம் என்ற வடிவை எடுத்துக்கொண்டு, தாது வருடப் பஞ்சத்தின் கொடுமையைச் சிரிப்போடு சொன்ன வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ 1899இலேயே அச்சில் வந்துவிட்டது. உயர்ந்த வடிவில் தாழ்ந்த செய்தியை வைப்பது தமிழ்ப் புலவருக்குப் புதிதல்ல.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் கிடைக்கும் பயன் வேறு. போப்பின் கவிதையில் காவிய உடை எப்போதுமே பெரிதாகத் தொளதொளவென்று தொங்கும். ஒரு கூந்தல் சுருளுக்கு டிராய்ப் போர் எதற்கு என்ற கேள்விதான் அங்கே சிரிப்பு. உடைக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளி கடைசிவரை மூடாது. மூடினால் கவிதை கெட்டுவிடும்.

மான்மியத்தில் நடப்பது நேர்மாறு. தொடக்கத்தில் உடை பெரிதாகத்தான் தெரிகிறது. மாமிக்கு அரசியல் படலமா என்று சிரிக்கிறோம். போகப்போக அந்த வீட்டில் உண்மையாகவே ஓர் அரசு நடப்பது தெரிகிறது. சோறு யாருக்கு முதலில், எண்ணெய் யார் கையில், கணவனிடம் யார் எப்போது பேசலாம் என்பதற்கெல்லாம் ஆணை உண்டு, தண்டனை உண்டு. நாகாஸ்திரம் என்ற பெயரைப் பார்த்துச் சிரித்தவர், வழக்கு முடிவதற்குள் ஒரு குடும்பம் உண்மையாகவே கட்டுண்டு கிடப்பதைப் பார்க்கிறார். கும்பியெரிச்சற் படலத்துக்கு வரும்போது காவிய உடை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கும்பி என்றால் வயிறு. வயிறு எரிகிறவளின் பேச்சுக்குக் காவியம் பெரிதல்ல. இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்து மறைவதுதான் இந்த நூலின் கட்டுமானம். சீர்திருத்த நூல் என்ற பெயரோடு அணுகுபவர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார்.

எந்த அளவுகோல்

போப் இறந்து 12 ஆண்டுகள் கழித்து, 1756இல், ஜோசப் வார்ட்டன் என்ற விமர்சகர் போப்பின் எழுத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கவிஞர்களைத் தரம் பிரித்தார். ஸ்பென்சர், ஷேக்ஸ்பியர், மில்டன் முதல் வரிசை. உன்னதமும் உருக்கமுமே உண்மையான கவிதையின் உயிர். ஒழுக்கமும் அங்கதமும் பாடுபவர், எவ்வளவு திறமை இருந்தாலும், அடுத்த படிதான் என்பது அவர் முடிவு. சாமுவேல் ஜான்சன் 1779-81இல் எழுதிய கவிஞர் வரலாறுகளில் இந்தத் தரப்பிரிப்பை ஏற்கவில்லை. போப்பை வெளியே நிறுத்தும் அளவுக்குக் கவிதைக்கு வரையறை செய்தால் குறுகியது வரையறுப்பவரின் பார்வைதான் என்பது அவர் எண்ணம். ஆனால் 19ஆம் நூற்றாண்டு வார்ட்டன் பக்கம்தான் சாய்ந்தது. மேத்யூ ஆர்னால்ட் 1880இல் டிரைடனையும் போப்பையும் ஆங்கில உரைநடையின் செவ்வியலாளர்கள் என்று சொல்லி, மரியாதையோடு கவிதைக்கு வெளியே அனுப்பிவைத்தார்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஆங்கிலக் கவிதை வந்தது இந்த 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடி வழியாகத்தான். வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி, கீட்ஸ் படித்து வளர்ந்த தலைமுறை, தமிழ்க் கவிதையையும் உணர்ச்சி, எளிமை, இயற்கை என்ற மூன்றால் அளந்தது. கவிமணிக்குக் கிடைத்த புகழ் முழுவதும் இந்த அளவுகோலில் கிடைத்தது. ‘மலரும் மாலையும்’ 1938இல் வந்தது. ‘கவிமணி’ பட்டம் 1940இல் சென்னையில் வழங்கப்பட்டது. மான்மியம் நூலாக வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. பட்டம் பெற்ற கவிஞர் உருக்கமும் எளிமையும் உள்ளவர், பசுவையும் கன்றையும் பாடியவர். பள்ளிப் பாடநூல்களின் வழியாக அவரை அறிந்தவர்களுக்கு இன்றும் அவர் அந்தக் கவிஞர்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பாகவே மாமியையும் காரணவனையும் வைத்துச் சிரித்தவர் அந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. ஆகவே அவருக்கு ‘சீர்திருத்தம்’ என்று ஒரு தனி அறை ஒதுக்கப்பட்டது.

இதற்கு வேறு அளவுகோல் தேடி ஜான்சனிடம் போக வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நேராகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்ற பேச்சு அங்கே இல்லை. அங்கதம் கவிதையா என்ற ஐயமும் இல்லை. அது செய்யுள் வகைகளில் ஒன்று, அவ்வளவே. காளமேகத்தின் சிலேடைகளைச் சுவைத்த மரபுக்கு இந்தப் பிரிவு பழக்கமானது.

இந்தப் பிரிவை வைத்து மான்மியத்தைப் படித்தால் அதன் போக்கு தெளிவாகிறது. பெயரில் பழிகரப்பு, பெருமை பாடுவதாகச் சொல்லிப் பழிக்கிறது. படலத் தலைப்புகளில் பழிகரப்பு. பேசுபவளின் அப்பாவித்தனத்திலும் பழிகரப்பு உண்டு. மாமியைத் திட்டுவதற்குத் தொடங்கி, மரியாதைக்காகப் பாதியில் நிறுத்தி, நிறுத்திய இடத்தில் ஒரு பழமொழியைப் போட்டுவிட்டு நகர்கிறாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. பின்பாதியில் மறைப்பு விலகுகிறது. வழக்கும் பசியும் வந்த பிறகு செம்பொருள் அங்கதம் மேலே வருகிறது. ஒரு வகையிலிருந்து மற்றதற்கு ஒரே குரலில் நகர்வது எளிதல்ல. முன்பாதியில் நகையாகக் கேட்ட குரலைப் பின்பாதியில் நம்பவும் வேண்டும். கவிமணி பெரும்பாலும் நம்பவைக்கிறார்.

குறைகள்

எல்லா இடத்திலும் அல்ல. நூலின் இறுதிப் பகுதியில் பேசுபவளின் குரலுக்குள் ஆசிரியரின் குரல் புகுந்துவிடுகிறது. அடுக்களையிலிருந்து பேசியவள் திடீரென்று ஊர்ப் பெரியவர்கள் முன் விண்ணப்பம் படிப்பவள் போல் ஆகிறாள். போப்பும் 1717 பதிப்பில் கிளாரிசா என்ற பாத்திரத்தின் வாயில் ஓர் அறிவுரையைச் சேர்த்தார். ஆனால் கவிதைக்குள் அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. அறிவுரை முடிந்ததும் சண்டை தொடர்கிறது. அறிவுரையையும் கேலிக்குள் வைத்துக்கொள்ளும் அந்தப் பிடிமானம் மான்மியத்தின் முடிவில் தளர்கிறது. ஒரு பத்திரிகைத் தொடராக, நடப்பில் இருந்த ஒரு வழக்கத்தை மாற்றுவதற்காக எழுதப்பட்டது என்பது காரணமாக இருக்கலாம். காரணம் தெரிவதால் தளர்ச்சி இல்லாமல் போய்விடாது.

இன்னொரு குறை பார்வையைச் சேர்ந்தது. சொத்தைக் கொண்டுபோகும் மருமகன் இந்த நூலில் வில்லன். அவனுடைய தாய், அதாவது பேசுபவளின் நாத்தனார், அவனுக்குப் பின்னால் நிற்பவள். ஆனால் அந்த நாத்தனாரும் இன்னொரு வீட்டில் மனைவிதான். அங்கே அவள் பிள்ளைகளுக்கும் தகப்பன் சொத்தில் உரிமை கிடையாது. தம் தாய்மாமன் சொத்தை விட்டால் அவர்களுக்கும் வேறு கதி இல்லை. ஒரே பெண் ஒரு வீட்டில் வழியற்ற மனைவியாகவும், இன்னொரு வீட்டில் உரிமையுள்ள சகோதரியாகவும் இருக்கும்படி அமைந்த முறை இது. மான்மியம் அதில் பாதியை மட்டும் பார்க்கிறது. மாமியின் கொடுமைக்குச் சுபாவம் காரணமா, சட்டம் காரணமா என்ற கேள்வியில் சட்டத்தைக் குற்றம் சாட்டுவதாகச் சொல்லிவிட்டு, சிரிப்புக்கு வேண்டிய இடத்திலெல்லாம் சுபாவத்தையே எடுத்துக்கொள்கிறது. மாமியாரைக் கேலி செய்வது தமிழில் எப்போதும் விலைபோகும் சரக்கு. இவ்வளவு திறமை உள்ளவர் அந்தச் சரக்கைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

காரணவனின் சித்திரம் இதற்கு விதிவிலக்கு. ஐந்து பேரை மணந்தவன், வீட்டுக்குள் ஆட்சி இல்லாதவன், வெளியில் பெரிய மனிதன். அவனைக் கொடியவனாகவும் காட்டவில்லை, நல்லவனாகவும் காட்டவில்லை. தன் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பொருளுக்கு மருமகனிடம் கணக்குச் சொல்ல வேண்டிய தகப்பன் அவன். அங்கதத்துக்கும் இரக்கத்துக்கும் நடுவே அவனை நிறுத்தியிருப்பது நூலின் முதிர்ந்த பகுதி.

சட்டத்துக்குப் பின்

நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் 1926இல் வந்தது. பிள்ளைகளின் சொத்துரிமைக்கு வழி திறந்தது. மான்மியமே இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று பாராட்டுவோர் உண்டு. நாயர்களுக்கான சட்டங்கள் 1912, 1925 ஆண்டுகளில் ஏற்கெனவே வந்திருந்தன. திருவிதாங்கூர் முழுவதும் மருமக்கள்வழிக்கு எதிரான பேச்சு வலுத்திருந்த காலம் அது. கவிதை அந்தப் பேச்சுக்கு நாஞ்சில் நாட்டில் ஒரு குரலும் சிரிப்பும் கொடுத்தது என்பது சரியான மதிப்பீடு. ஒரு சட்டத்தின் பெருமையை ஒரு கவிதைக்குத் தருவது கவிதைக்கு நன்மை செய்வதுபோல் தோன்றும். ஆனால் சட்டம் வந்ததோடு கவிதையின் வேலை முடிந்துவிட்டது என்ற முடிவுக்கும் அதுவே இட்டுச்செல்கிறது.

நூல் வந்த 1942இல் அதன் இலக்கு இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அச்சிட்டார்கள், படித்தார்கள். போப்பின் ‘டன்சியட்’ 1728இல் வந்தபோது லண்டன் எழுத்தாளர்கள் பலரைத் தாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் இன்று அந்தக் கவிதையின் அடிக்குறிப்புகளில்தான் வாழ்கிறார்கள். அடுத்த ஆண்டே போப், பண்டிதர்களைக் கேலி செய்யும் போலிக் குறிப்புகளோடு ஒரு விரிவான பதிப்பும் வெளியிட்டார். மான்மியத்தில் தனி மனிதர் யாரும் தாக்கப்படவில்லை. ஆகவே அடிக்குறிப்பு இல்லாமல் இறந்துபோகும் ஆபத்து அதற்குக் குறைவு. மாமியும் காரணவனும் மருமகனும் பெயர் வேண்டாத பாத்திரங்கள்.

அதற்குத் தேவைப்படுவது வேறு வகைக் குறிப்பு. உகந்துடைமை, காரணவன், கோடு, பரிகலம் போன்ற சொற்கள் சென்னையிலோ தஞ்சாவூரிலோ படிப்பவருக்கு விளங்கா. கம்பனின் படலப் பெயர்கள் இப்போது நாஞ்சில் நாட்டிலேயே எல்லாருக்கும் நினைவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சொத்துமுறையைப் பற்றி முன்னுரையில் நான்கு பக்கம் எழுதிவிட்டு, மூலத்தைக் குறிப்பின்றி விடும் பதிப்பால் வாசகர் அந்தக் காலத்து வழக்கத்தைத் தெரிந்துகொள்வார். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது தெரியாது. ஒவ்வொரு படலத்தின் தலையிலும் கம்பரிலோ சிலம்பிலோ புராணத்திலோ அதன் மூலம் எது, அங்கே அது எதைப் பாடுகிறது என்று இரண்டு வரி போதும். வட்டாரச் சொற்களை நூலின் கடைசியில் அகராதியாகத் தள்ளாமல் அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே தர வேண்டும். பக்கம் புரட்டித் தேடி வருவதற்குள் அகவலின் வேகம் போய்விடும்.